நாலு பிளேட் பிரியாணியும் ஒரு பயங்கர இயக்கமும்

இதனால் திண்டுக்கல் மாவட்டத்துப் பொதுமக்கள் அனைவருக்கும் பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கப்படுவது என்னவென்றால், நம் மாவட்டத்தில் தீவிரவாதம் வேரோடும் வேரடி மண்ணோடும் ஒழிக்கப்பட்டுவிட்டது. எப்போது முளைத்தது என்று யாரும் கேட்க வேண்டாம். முளைத்த தேதி ரகசியம். ஒழிந்த தேதி மட்டும் செவ்வாய்க்கிழமை.

இந்த அறிவிப்பை வெளியிட்டது மாவட்டத் தீவிரவாத எதிர்ப்பு வியூக மையம். பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பவருக்கு அங்கே வேலை நிச்சயம் என்று ஊரில் பேச்சு. பைபாஸ் பக்கம் மூடிப்போன ஒரு பர்னிச்சர் ஷோரூமின் மாடியில் மையம் இயங்கியது. கீழ்ச் சுவரில் ‘சுலபத் தவணையில் கட்டில், பீரோ’ என்ற எழுத்து இன்னும் அழியவில்லை. திறப்பு விழாவன்று ஐந்து தூண் வியூகம் வெளியிடப்பட்டது. கண்டறி, ஊடுருவு, நிதியை முடக்கு, தலைமையை வீழ்த்து, மக்களைச் சேர். ஐந்துக்கும் ஐந்து தெர்மோகோல் தூண்கள் செய்து மேடையில் நிறுத்தியிருந்தார்கள். வரவேற்புரை முடிவதற்குள் ஃபேன் காற்றில் இரண்டு சாய்ந்துவிட்டன. தீவிரவாதிகளின் சதி இல்லை என்று விசாரணையில் தெரிந்தது.

ஒழிக்கப்பட்ட இயக்கத்தின் பெயர் ‘கறுப்பு விடியல்’. மொத்தம் ஐந்து உறுப்பினர்கள். நான்கு பேர் தலைமறைவு. பிடிபட்டவன் ஒருவன். பெயர் ஆசாத். பேகம்பூர் தோல் மண்டியில் ஆட்டுத்தோலைத் தடவிப் பார்த்து ரகம் பிரிக்கிறவன்.

அவன் மனைவி பர்ஹானா, புதன்கிழமை காலை, துப்பறியும் நிபுணர் பொன்னுத்துரையின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

துப்பறியும் நிபுணர் என்றதும் துப்பாக்கி, தொப்பி என்று கற்பனையை ஓட விட வேண்டாம். பொன்னுத்துரை பார்ப்பது கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு இதற்கு முன்னால் ஒரு மாப்பிள்ளை இருந்தாரா, மாமியார்க்காரி போன மருமகளை என்ன செய்தாள். ஐம்பது தாண்டிய வயது. மீசைக்கு மாதம் இரண்டு முறை மை பூசுவார். மூளைக்கு அவ்வளவு தேவைப்படுவதில்லை என்பது அவர் எண்ணம். உதவியாளர் மாலதி சின்னாளபட்டிக்காரி. தறிச் சத்தத்தில் வளர்ந்ததால் மெதுவாகப் பேச வராது. யாரையும் மதித்துப் பேசவும் வராது. அதற்குத் தறி காரணமில்லை.

“அவுகளுக்கு அந்த குரூப்பு என்னான்னே தெரியாது சார்,” என்றாள் பர்ஹானா. அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள், குரல் காய்ந்திருந்தது. “தெரியாத நம்பர்ல இருந்து எவனோ போன்ல சேத்து விட்டான். தோல் யாவாரம் சம்பந்தமா இருக்கும்னு அவுகளும் சும்மா இருந்துட்டாக. பாத்தா, பாலத்தத் தூக்கணும், ஸ்டேஷனத் தூக்கணும்னு பேசுறாய்ங்க.”

“எந்தப் பாலம்?” பொன்னுத்துரை கண்ணை இடுக்கினார்.

“அதுலயே அவய்ங்களுக்குள்ள சண்ட சார். ஒருத்தன் மேம்பாலம்ங்குறான். இன்னொருத்தன், அது இன்னும் கட்டி முடிக்கல, முடிக்கட்டும், அப்பறம் தூக்குவோம்ங்குறான்.”

“அப்பன்னா அந்த இயக்கத்துக்கு ஆயுசு கெட்டி,” என்றாள் மாலதி.

பர்ஹானா சிரிக்கவில்லை. மாலதியும் இரண்டாவது முறை முயலவில்லை.

“அவுக பயந்து போயி, பஸ் ஸ்டாண்டுல போஸ்டர் ஒட்டியிருக்காய்ங்கள்ல, ‘சந்தேகமா? தயங்காமல் சொல்லுங்கள்’னு. அந்த நம்பருக்கே போன் போட்டுச் சொன்னாக. எடுத்தவன், நீ குரூப்ப விட்டு வெளிய வந்துறாத, அங்கயே இருந்து என்ன நடக்குன்னு பாருன்னானாம். இவுகளும் இருந்தாக. நேத்து வந்து இவுகளத்தான் கூட்டிட்டுப் போறாய்ங்க.”

“வக்கீல் என்ன சொல்றாரு?”

“சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கோர்ட்டுல நிப்பாட்டுவாய்ங்களாம். உபா சட்டத்துல போட்டுட்டா ஜாமீனுங்குற பேச்சே கெடையாதாம். கேஸ் நடந்து முடியுறதுக்குள்ள தலை நரைச்சுரும்ங்குறாரு. மத்த நாலு பேத்துல ஒருத்தனையாவது காட்டும்மா, நான் மாத்திப் பேசுறேங்குறாரு. நான் எங்க சார் போயிக் காட்டுவேன்?”

“ஒங்க வீட்டுக்காரர் அந்த நாலு பேரை நேர்ல பாத்திருக்காரா?”

“ஒரே ஒரு தடவ. போன வெள்ளிக்கெழம. தாடிக்கொம்பு ரோட்டுல ஹாமித் பாய் பிரியாணிக் கடையில. தலைவரு வரச்சொன்னாருன்னு போனாக. வந்து ஒரு வார்த்த பேசல. மொகம் மட்டும் சரியில்ல.”

பொன்னுத்துரை எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். மகத்தான வாக்கியங்களுக்கு முன்னால் அவருக்கு ஒரு ஜன்னல் தேவைப்படும். “எந்தக் குற்றவாளியும் ஒரு தடயத்தை விட்டுவிட்டுத்தான் போவான், தாயி.”

“போன மாசம் கீரனூர் மாப்பிள்ள கேஸ்ல நாமதான் விட்டுட்டு வந்தோம் சார்,” என்றாள் மாலதி, ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டே. “ஒங்க செருப்ப.”

*

ஹாமித் பாய் கடையில் அப்போதுதான் தம் உடைத்திருந்தார்கள். சீரகச் சம்பா மணம் ரோட்டின் எதிர்ப்பக்கம் வரைக்கும் வந்து ஆளைக் கையைப் பிடித்து இழுத்தது. பொன்னுத்துரை ஆசாத் பெயரைச் சொன்னதும் ஹாமித் பாய் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பெரிய உடம்பு, சின்னக் குரல்.

“நல்ல பயண்ணே. எங்க பள்ளிவாசல்லதான் தொழுவான். அவனப் போயி…”

“போலீஸ் வந்து விசாரிச்சுச்சா, பாய்?”

“இல்லண்ணே. இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து ஒரு வார்த்த கேக்கல.”

பொன்னுத்துரை மாலதியைப் பார்த்தார். ஒரு பயங்கர இயக்கம், தன் வாழ்நாளில் நடத்திய ஒரே கூட்டத்தை இந்தக் கடையில் நடத்தியிருக்கிறது. அதைப் பிடித்துவிட்டதாகப் பேப்பரில் போட்டிருக்கிறார்கள். ஆனால் கடைப் பக்கம் ஒரு கான்ஸ்டபிள்கூட எட்டிப் பார்க்கவில்லை.

“முதல் தடயம்,” என்றார்.

“எங்க சார்?”

“இல்லாததுதான் தடயம்.”

“அப்ப நம்ம ஆபீஸ் பூரா தடயம்தான்,” என்றாள் மாலதி.

ஹாமித் பாய் நடந்ததைச் சொன்னார். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி. அவர் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டார். சமையல் மாஸ்டர் குஜிலியம்பாறைப் பக்கத்து இந்து என்பதால், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவரை மட்டும் கடையில் விட்டுவிட்டுப் போவது வாராவாரம் வழக்கம்.

“தொழுதுட்டுத் திரும்பி வாரேன், வாசல்ல நாலு பைக்கு. கவுறு கட்டி நிப்பாட்டுன மாதிரி ஒரே கோட்டுல நிக்கு. எங்க கடைக்கி வார பயலுக ஒருத்தன் வண்டிய ஒழுங்கா நிப்பாட்டி நான் பாத்ததே இல்லண்ணே. உள்ள போனா நாலு பேரு உக்காந்து பொளந்து கட்டுறாய்ங்க. ஒருத்தன ஒருத்தன் அபுங்குறான், சம்சீருங்குறான். எனக்கு ஒண்ணும் புரியல. ஜும்ஆ நேரத்துல பள்ளிக்கிப் போகாம கோழிக்கால் கடிக்கிற அபுவ நான் எங்க கண்டேன்?”

“ஆசாத்?”

“அவன் எங்கூடத்தான் பள்ளியில நின்னான். தொழுதுட்டு என் பின்னாடியே வந்தான். தொப்பியக்கூட இன்னும் கழட்டல. அவன் வந்து உக்காரவும் அவய்ங்க எந்திரிச்சுக் கை கழுவவும் சரியா இருந்துச்சு.”

“என்ன பேசினாங்க?”

“பேச்சா? ஒருத்தன் தால்சா பத்தலன்னான். ஒருத்தன் போன எடுத்து ஆசாத்த மட்டும் போட்டா புடிச்சான். அம்புட்டுத்தான் பேச்சு.”

பொன்னுத்துரை கடைக்குள் முன்னும் பின்னும் நடந்தார். மார்க்கத்துக்காக உயிரைக் கொடுக்கிற இயக்கம். கூட்டம் வைத்த நேரம் வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி. இந்த உலகத்தில் எந்த முஸ்லிமும், தீவிரவாதியோ தோல் வியாபாரியோ, அந்த நேரத்துக்குக் கூட்டம் போட மாட்டான். அந்த நேரத்துக்குப் போடுகிறவனுக்கு அது தொழுகை நேரம் இல்லை. வேறு ஏதோ நேரம்.

“ஒரு மணி என்ன நேரம், மாலதி?”

“ஆபீசுல சாப்பாட்டு நேரம் சார்.”

அவர் நின்றார். “பாய், சாப்பிட்டுட்டு எப்படிப் போனாங்க? நடந்து காட்டுங்க.”

“நான் என்னத்தண்ணே நடந்து காட்ட…”

“காட்டுங்க பாய். ஒரு புள்ள வாழ்க்க,” என்றாள் மாலதி.

ஹாமித் பாய் வெட்கத்தோடு கைகழுவும் தொட்டியிலிருந்து தொடங்கினார். வயிற்றை முன்னால் தள்ளினார். பல்குத்தும் குச்சியை வாயில் வைத்தார். கல்லாவில் இருந்த சோம்புத் தட்டில் கைநிறைய அள்ளினார். கல்லாப் பெட்டியைத் திரும்பியும் பார்க்காமல், நடையில் ஒரு சின்னத் தயக்கமும் இல்லாமல், வாசலைத் தாண்டி வெயிலுக்குள் இறங்கினார்.

“அய்யோ, எனக்கே கும்புடணும் போல இருக்கே!” என்றாள் மாலதி.

“அதாம்மா எனக்கும். கை தானாக் கும்புட்டுருச்சு. அவய்ங்களும் தலைய ஆட்டிட்டுப் போனாய்ங்க.”

“காசு?”

“கேக்கத் தோணலண்ணே. அந்த நடைக்கிட்ட எந்தக் கடக்காரனும் கேட்டதில்ல.”

பொன்னுத்துரையின் முகம் விளக்குப் போட்டது போல ஆனது. “மாலதி! திருடன் வெளியே போகும்போது கல்லாவைப் பார்ப்பான். தீவிரவாதி வாசலைப் பார்ப்பான். சாதாரண மனுஷன் பர்ஸைப் பார்ப்பான். எதையுமே பார்க்காமல் போகிறவன் ஒரே ஜாதிதான். அந்த நாலு பேரும்…”

“போலீசு. அதத்தான் சார் பாய் அப்போதையில இருந்து சொல்லிக்கிட்டு இருக்காரு.”

“ஆசாத்?” என்றார் பொன்னுத்துரை, அதைக் காதில் வாங்காமல். “ஆசாத் எப்படிப் போனான்?”

ஹாமித் பாயின் சின்னக் குரல் இன்னும் சின்னதாயிற்று. “வாசல் வரைக்கும் போனவன் திரும்பி வந்தாண்ணே. மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு. ‘பாய், என் கூட வந்தவுக, மறந்துட்டாக போல’ன்னு சொல்லி நாலு பேத்துக்கும் அவனே குடுத்தான். வேணாம்டான்னேன். ‘ஒங்களுக்கு எதுக்கு பாய் நட்டம்’னான். அவன் ஒரு வாய் திங்கல.”

அண்டாவில் பிரியாணி பெருமூச்சு விட்டது.

“இது போதும்,” என்றார் பொன்னுத்துரை. “அஞ்சு பேர்ல நாலு பேர் போலீஸ். அஞ்சாவது ஆள், பழக்கமில்லாதவன் தின்னதுக்கும் காசு கொடுக்கிற அப்பாவி. கிளம்புங்க பாய். ஒங்க ஒரு வார்த்தை ஆசாத்தைக் காப்பாத்தும்.”

“நான் எதுக்குண்ணே? கடையில ஆளில்ல…”

“மாஸ்டர் இருக்காரு. வெள்ளிக்கெழம இல்லேன்னாலும் பாத்துக்குவாரு,” என்று மாலதி அவர் கையிலிருந்த துண்டை வாங்கி மேஜைமேல் வைத்தாள். ஹாமித் பாய் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பயமாக இருந்தது. ஆனாலும் வந்தார். ஆசாத் பள்ளிவாசலில் அவருக்குப் பக்கத்தில் நிற்கிறவன்.

*

மையத்தின் படிக்கட்டுக்குக் கீழே, ‘கட்டில், பீரோ’ எழுத்துக்கு அடியில், பர்ஹானா நின்றுகொண்டிருந்தாள். மேலே விடமாட்டோம் என்றார்களாம். படியை மறித்து ஓர் ஆள் மப்டியில் நின்றான். கட்டை உருவம், அடர்ந்த மீசை.

ஹாமித் பாய் ஸ்கூட்டரிலிருந்து இறங்கினார். அந்த ஆளைப் பார்த்தார். அவர் யோசிப்பதற்கு முன்னாலேயே இரண்டு கையும் குவிந்துவிட்டன.

அந்த ஆளும் யோசிக்கவில்லை. தலையை ஆட்டினான்.

“அபு,” என்றார் ஹாமித் பாய், காற்றுப் போன குரலில்.

அடையாள அணிவகுப்பு இத்துடன் நிறைவுற்றது. தலைமறைவான பயங்கரவாதி அபு, அரசாங்கச் சம்பளத்தில், வெயிலில் நின்று சோம்பு மென்றுகொண்டிருந்தான்.

“தாயி,” என்று பர்ஹானாவிடம் சொன்னார் பொன்னுத்துரை, “அரை மணி நேரம் பொறு. ஒன் வீட்டுக்காரனோடதான் கீழே இறங்குவேன்.”

அவள் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு, முதல்முறையாகச் சுவரில் சாய்ந்தாள்.

மையத்தின் தலைவர் டி.எஸ்.பி. அருள்நாதன் மரியாதைக்காரர். கறுப்பு விடியலைப் பற்றித் தகவல் என்றதும் மூவரையும் மேலே விடச் சொல்லிவிட்டார். எழுந்து கை கொடுத்தார், மூவருக்கும் நாற்காலி போடச் சொன்னார், டீ சொன்னார். அவருக்குப் பின்னால் மாவட்ட வரைபடம். அதில் சிவப்புக் குண்டூசிகள். திண்டுக்கல்லில் ஐந்து குண்டூசி, மற்ற ஊர்களில் ஒன்றும் இல்லை. வத்தலக்குண்டு ஆள் பார்த்தால் வருத்தப்படுவான்.

பொன்னுத்துரை நின்றபடியே பேசினார். ஜன்னல் இல்லாததால் வரைபடத்தின் அருகே போய் நின்றுகொண்டார். வரிசையில் நின்ற பைக்குகள். வெள்ளிக்கிழமை ஒரு மணி. கல்லாவைத் தாண்டிய நடை. கீழே நடந்த கும்பிடும் தலையாட்டலும். கடைசியாக, திரும்பி வந்து எல்லாருக்கும் காசு கொடுத்த ஆசாத். நடுநடுவே ஹாமித் பாய், “ஆமாங்க, ஆமாங்க” என்றார். அருள்நாதன் ஒரு வார்த்தை குறுக்கிடவில்லை. எழுதிக்கொண்டே இருந்தார்.

“ஆக, உங்க கறுப்பு விடியல்ல இருந்த ஒரே சிவிலியன் ஆசாத்!” என்று முடித்தார் பொன்னுத்துரை.

“பிரமாதம்,” என்றார் அருள்நாதன். “உண்மையிலேயே பிரமாதம்.”

“மறுக்கலையா நீங்க?”

“எதுக்கு மறுக்கணும்? ரெண்டு பேர் நம்ம பசங்க. ஒருத்தர் பக்கத்து மாவட்டம். ஒருத்தர் மெட்ராஸ்ல இருந்து வந்தவர்.”

“ஒருத்தருக்கொருத்தர் தெரியாதா?”

“தெரிஞ்சா அது ஊடுருவலா சார்? அன்னைக்குச் சாப்பிட்டு முடிச்சதும் ஒவ்வொருத்தனும் அடுத்தவனை ரகசியமா ஃபாலோ பண்ணியிருக்கான். தாடிக்கொம்பு, பைபாஸ், நத்தம் ரோடுன்னு சுத்தி, கடைசியில நாலு பேரும் போலீஸ் குவார்ட்டர்ஸ் வாட்டர் டேங்குக்குக் கீழே நிக்கிறாங்க. பெட்ரோல் எவ்வளவு வேஸ்ட் தெரியுமா?” அவருக்கு அது நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

“அப்ப பாலத்தத் தூக்கணும், ஸ்டேஷனத் தூக்கணும்னு பேசுனது?” என்றாள் மாலதி.

“நம்ம ஆளுங்கதான். ஒருத்தன் பாலம்னு சொன்னா அடுத்தவன் பேசாம இருக்க முடியுமா? சந்தேகம் வந்துரும். அவன் ஸ்டேஷன்பான். மூணாவது ஆள் அணைக்கட்டும்பான். ஆசாத் மட்டும் வாயைத் திறக்கலை. ஒரு கட்டைவிரல்கூடப் போடலை. அங்கேதான் எங்களுக்கு இடிச்சுது.”

“அவன்தான் சார் ஒங்களுக்குப் போன் பண்ணிச் சொன்னது!”

“பண்ணினான். உள்ளே போலீஸ் இருக்கான்னு போலீஸ்கிட்டயே ஆழம் பார்த்திருக்கான். எதிர் உளவு. பயங்கர மூளை.”

“மொதல்ல அவர ஏன் சேத்தீங்க? பேகம்பூர்ல அம்புட்டுப் பேர் இருக்க?”

“அவன் தெருச் சாக்கடைக்காக நாலு தடவை மனு கொடுத்திருக்கான். கம்ப்யூட்டர் சிவப்புல காட்டுச்சு. அமைப்பின் மேல் அதிருப்தி.”

“நாலு மனுவுக்கு அப்பறமாச்சும் சாக்கடைய அள்ளுனாய்ங்களா சார்?”

“அது வேற டிபார்ட்மென்ட்டும்மா.”

டீ வந்தது. ஹாமித் பாய் குடிக்கவில்லை. பொன்னுத்துரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, வெற்றியை நிதானமாக முடித்துவைக்கும் தோரணையில் கேட்டார். “சரி சார். இவ்வளவு தெளிவானப்புறம் ஆசாத்தை எப்ப விடுறீங்க?”

அருள்நாதன் பேனாவை மூடினார்.

“அதைத்தான் சொல்ல வாரேன். மேலிடத்துல இருந்து ஒரே கேள்வி. அஞ்சு பேர்ல எத்தனை பேர் நிஜம்? நாலு பேர் நம்மாளுங்கன்னு வாட்டர் டேங்குல தெரிஞ்சுபோச்சு. அஞ்சாவது ஆளும் வேற ஏதாவது ஏஜென்சி ஆளா இருந்துட்டா? டெல்லி ஆளா இருந்துட்டா? கைது பண்ணினவன் கதி என்ன? எல்லா இடத்துக்கும் கேட்டு எழுதினோம். ஒருத்தனும் ஆமாங்கலை, இல்லைங்கலை. எதுக்கு ரிஸ்க்குன்னு, இன்னைக்கு மத்தியானம் சாப்பாடு போட்டு, ஸாரி சொல்லி அனுப்பிரலாம்னு முடிவு பண்ணியாச்சு. வண்டிகூடச் சொல்லிட்டேன்.”

பொன்னுத்துரையின் கையில் டீ டம்ளர் பாதி வழியில் நின்றது.

“இப்ப நீங்க வந்தீங்க,” என்றார் அருள்நாதன் கனிவாக. “ஆசாத் போலீஸ் இல்லைன்னு நிரூபிச்சீங்க. எந்தப் போலீஸ்காரனும் சாப்பிட்டதுக்குக் காசு கொடுக்க மாட்டான், அதுவும் அடுத்தவன் சாப்பிட்டதுக்கு. நாங்க இத்தனை பேர் உக்காந்து யோசிச்சோம். இந்த பாயிண்ட் எங்களுக்குத் தோணவே இல்லை சார்.”

“அது… நான் சொன்னது அவன் அப்பாவின்னு…”

“நாலு பேர் போலி, ஒருத்தன் நிஜம்னா, அந்த ஒருத்தன்தானே இயக்கம்? வேற ஆளே இல்லைன்னா தலைவரும் அவன்தானே? கூட்டத்துக்குச் செலவு பண்ணினது யாரு? ஆசாத். நிதி உதவி. அஞ்சு பேர்ல ஜும்ஆவுக்குப் போயிட்டு வந்தது யாரு? ஆசாத். கொள்கைப் பிடிப்பு. நிதியை முடக்கு, தலைமையை வீழ்த்து. ரெண்டு தூணும் ஒரே ஆள்ல முடிஞ்சுது.”

“சார்,” என்றார் ஹாமித் பாய். நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தார். “நான் சரியாப் பாக்கல சார். தொழுதுட்டு வந்த அசதி. காசு யாரு குடுத்தான்னு எனக்கு இப்ப நெனவில்ல. நானே மறந்து…”

“ஒக்காருங்க பாய்.” அருள்நாதன் குரல் உயரவே இல்லை. “கூட்டத்தைக் கண்ணால பாத்த சாட்சியா வாரீங்களா, கூட்டம் நடத்த இடம் கொடுத்தவரா வாரீங்களா? ஒங்க இஷ்டம்தான். செத்த நேரம் யோசிச்சுச் சொல்லுங்க.”

ஹாமித் பாய் செத்த நேரம்கூட யோசிக்கவில்லை. அவருக்குக் கடை இருந்தது, மூன்று பெண்கள் இருந்தார்கள். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணாமல் வந்தது. போட்டு முடித்துவிட்டு, பழக்கத்தில், கும்பிட்டார்.

“பொது இடத்துல மனுஷன் மானமா நடந்துக்கிட்டதெல்லாம் குத்தமா சார்?” என்றாள் மாலதி. அவள் குரலில் இப்போது தறிச் சத்தம் மட்டும்தான் இருந்தது, கிண்டல் இல்லை.

“குத்தம்னு யார் சொன்னா? ஆதாரம்னு சொன்னேன்.” அருள்நாதன் மணியை அடித்தார். கேமராவோடு ஒருவன் வந்தான். “மிஸ்டர் பொன்னுத்துரை, ‘மக்களைச் சேர்’னு ஒரு தூண் இருக்கு. இதுவரைக்கும் அதுல ஒரு ஆள் சிக்கலை. நீங்கதான் முதல் ஆள். நாளைக்குப் பேப்பர்ல வரும். இப்படி வாங்க, என் பக்கத்துல நில்லுங்க.”

பொன்னுத்துரை வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். இது அநியாயம், நான் கோர்ட்டில் வந்து சொல்வேன் என்றெல்லாம் ஒரு நல்ல வாக்கியம் அவருக்குள் தயாராகிக்கொண்டிருந்தது. அதற்குள் அந்த ஆள் கேமராவைத் தூக்கினான். பொன்னுத்துரையின் கை மீசைக்குப் போயிற்று.

“மூஞ்சிய நேரா வையுங்க சார்,” என்றாள் மாலதி. “ஊரு பூரா பாக்கப் போகுது.”

பளிச்சென்றது.

மூவரும் படியிறங்கினார்கள். கடைசிப் படியில் ஹாமித் பாய் இவர்களைப் பார்க்காமலே ரோட்டைத் தாண்டி, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார். எங்கே போகிற பஸ் என்று அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

பர்ஹானா சுவரை விட்டு விலகி ஓடி வந்தாள். அவர்களுக்குப் பின்னால் இன்னொருவர் இறங்கி வருகிறாரா என்று படிக்கட்டையே பார்த்தாள். “கண்டுபுடிச்சுட்டீகளா சார்? அந்த நாலு பேர?”

“கண்டுபிடிச்சாச்சும்மா,” என்றார் பொன்னுத்துரை தரையைப் பார்த்து.

“அல்ஹம்துலில்லாஹ்!” அவள் இரண்டு கையையும் முகத்தில் ஒற்றிக்கொண்டாள். “அவுக எப்ப வருவாக? வீட்டுல ஒண்ணும் ஆக்கல. நான் முன்னாடி போயி ஒல வைக்கவா?”

பொன்னுத்துரை தொண்டையைச் செருமினார். வியூகம், சூழ்நிலை, சட்டத்தின் நுணுக்கம் என்று மூன்று சொற்கள் வந்தன. அவற்றை இணைக்க ஒரு வினைச்சொல் வரவில்லை.

மாலதி அவரை ஒதுக்கிவிட்டு பர்ஹானாவின் முன்னால் வந்து நின்றாள்.

“ஒல வைக்காத தாயி. ஒன் வீட்டுக்காரரு மேல அவய்ங்ககிட்ட ஒரு சாட்சியும் இல்ல. விட்டுரத்தான் இருந்தாய்ங்க. நாங்க கொண்டாந்து குடுத்துட்டோம்.”

அன்று மாலை ஐந்து மணிக்கு ஆசாத்தைச் சிறைக்கு அனுப்பினார்கள்.